சாவிக்கொத்துக்குப் பழகின பூனைக்குட்டி

எனக்கு வாய் ஜாஸ்தி. பொறந்த வீட்லயும் சொன்னாங்க, புகுந்த வீட்லயும் சொன்னாங்க. அதோட மூளையும் கொஞ்சம் ஜாஸ்தினு நானா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நெனப்பை ஒரு பூனைக்குட்டி ஒரே நாள்ல உதுத்துக் கொட்டிடுச்சு. அதுக்கு நான் இன்னிக்கும் நன்றியோடதான் இருக்கேன்.

அம்பதுகளோட கடைசி அது. திருவண்ணாமலையில தேரடித் தெருவை ஒட்டின ஒரு சந்துல எங்க வீடு. வீட்ல நாலே பேர். மாமனாருக்குக் கோயில் பக்கம் பாத்திரக் கடை. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தா. மாமியார் நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. நாலாவது ஆள் என் நாத்தனார். அவளுக்கு இருபத்திரெண்டு வயசாச்சு, ஆனாலும் எங்க எல்லாருக்கும் அவ பாப்பாதான்.

பாப்பாவுக்கு அஞ்சு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலு சூம்பிப் போயிருந்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சுதான் நடப்பா. கை மட்டும் தங்கமான கை. கையால சுத்துற தையல் மிஷின் ஒண்ணு வச்சுக்கிட்டுப் பாதித் தெருவுக்கு ரவிக்கை தைச்சுக் குடுத்தா. அவ கல்யாணம்தான் எங்க வீட்டோட ஒரே கவலை. மாமனார் சாமி கும்பிடறப்ப வாய்விட்டு வேண்டிக்கிறது அது ஒண்ணைத்தான்.

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளக்காரம்மா, ஜட்கா வச்சுக்கிட்டு வந்து பாப்பாகிட்ட துணி தைக்கக் குடுப்பாங்க. கப்பல்ல வரும்போதே கூட ஒரு பூனையைக் கொண்டாந்தவங்க அவங்க. சயாம் தேசத்து ஜாதியாம். உடம்பெல்லாம் பாலாடை நெறம், மூஞ்சியும் காதும் வாலும் மட்டும் அடுப்புல தீஞ்ச மாதிரி கருப்பு. அதை ரூமுக்குள்ளயே பூட்டிப் பூட்டி வளத்தாங்க. நம்ம ஊர்க் கடுவன் பூட்டுக்கெல்லாம் பயப்படுமா? கூரை ஓட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள எறங்கிடுச்சு. நாலு குட்டி. அதுல ஒண்ணைத் துணி மூட்டையோட எடுத்துட்டு வந்து பாப்பா மடியில வச்சு, "நீ நல்லா தைக்கிற. இது உனக்கு"னு தெரிஞ்ச தமிழ்ல சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அம்மா மாதிரி நீலக் கண்ணு, அப்பன் மாதிரி வரி வரியா வாலு. கொஞ்சம் மாறுகண் வேற. பால்காரம்மா எட்டிப் பாத்துட்டு, "ஏம்மா, இது பூனையா நரிக்குட்டியா?"னு கேட்டாங்க. குரல்தான் சகிக்காது. நம்ம பூனை மியாவ்னுட்டுப் போயிடும். இது பச்சப்புள்ள பசிக்கு அழற மாதிரி தெருவே கேக்கறாப்புல கத்தும். பாப்பா மிஷின் சுத்தினா மட்டும் அவ மடியில ஏறிப் படுத்து கம்முனு இருக்கும். அதுக்குப் பேரெல்லாம் வைக்கல, குட்டினுதான் கூப்பிடுவோம்.

குட்டி வந்த மறுநாள் காலையில அடுப்பு மூட்டலாம்னு போறேன், சாம்பல்ல நாத்தம். எனக்கு வந்ததே கோவம்! "சீமைப் பூனைக்கு வெளிக்கிருக்க என் அடுப்புதான் கெடைச்சுதா?"னு தொடப்பத்தைத் தூக்கினேன். பாப்பா குறுக்க வந்து நின்னுக்கிட்டா. "அண்ணி, அதுக்கு என்ன தெரியும்? நாம சொல்லிக் குடுத்தாதானே தெரியும்"னா. ஒடைஞ்ச மண்சட்டி ஒண்ணுல அதே அடுப்புச் சாம்பலையும் ஆத்து மணலையும் கலந்து, கொல்லையில தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல வச்சா. தின்னு முடிச்ச கையோட குட்டியைத் தூக்கிட்டுப் போய் அதுல விட்டு, அதோட முன்னங்காலைப் புடிச்சு ரெண்டு தரம் பறிச்சுக் காட்டுவா. அஞ்சு நாள்ல பழகிடுச்சு. அதுக்குள்ள நான் மூணு தரம் அடுப்பைக் கழுவி மெழுகினேன், ஒவ்வொரு தரமும் அந்த வெள்ளக்காரம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அதெல்லாம் சுளுவு. பெரிய தலைவலி மாமனாரோட சகுனம்தான்.

அவர் நல்ல மனுஷன். ஆனா வீட்டை விட்டுக் கெளம்பும்போது பூனை குறுக்க வந்துட்டா போச்சு. திரும்பி உள்ள வந்து உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சு, கொஞ்சம் நேரம் கழிச்சுதான் மறுபடி எறங்குவார். எங்க வீட்டு அமைப்பும் அதுக்கு ஏத்தாப்புலயே இருந்துச்சு. வாசப்படிக்கு இந்தப் பக்கம் பாப்பா தைக்கிற ரூம். நேர் எதிர்ல அந்தப் பக்கம், கொல்லைக்குப் போற சந்துக் கதவு. குட்டி ரூம்ல இருந்து கொல்லைக்கு ஓடினா வாசப்படியைக் குறுக்கால தாண்டித்தான் ஓடணும். ஒரே வாரத்துல மூணு தரம் அவருக்குக் குறுக்க ஓடுச்சு. மூணாவது தரம் தண்ணியைக் குடிச்சு சொம்பை ணங்குனு வச்சார். "ஏம்மா, இன்னொரு தரம் இது குறுக்க வந்துச்சு, கோணியில கட்டிச் செங்கம் ரோட்டுல விட்டுட்டு வந்துடுவேன்"னார். பாப்பா மிஷின் சுத்தறதை நிறுத்திட்டுக் குட்டியையே பாத்துட்டு இருந்தா. அந்த மூஞ்சியை என்னால பாக்க முடியல.

"விடுங்க மாமா, நான் பழக்கறேன்"னு வீறாப்பா சொல்லிட்டேன்.

மாமனார் கெளம்பறப்ப முதல் காரியம், கூடத்து ஆணியில மாட்டியிருக்கிற கடைச் சாவிக்கொத்தை எடுக்கறது. கலகலனு சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் விபூதி பூசி, மேல்துண்டைப் போட்டு, கொடையைத் தேடி எடுத்து வாசப்படிக்கு வர்றதுக்குள்ள நான் பாதி வேலை முடிச்சிடுவேன். அந்தக் கலகல சத்தம் கேட்டதுமே கொல்லையில ஒரு கொட்டாங்கச்சியில தயிர்சாதம் போட்டுக் குட்டியைக் கூப்பிட்டேன். முதல்ல தூக்கிட்டுப் போக வேண்டியிருந்துச்சு. பத்து நாள்ல கூப்பிட்டா வந்துச்சு. ஒரு மாசத்துல கூப்பிடவே வேணாம். சாவி குலுங்கினா போதும், தூங்கிட்டு இருந்தாலும் சரி, நாலுகால் பாய்ச்சல்ல ரூமைத் தாண்டி வாசப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போய்க் கொட்டாங்கச்சி முன்னால உக்காந்திருக்கும். மாமனார் வாசலுக்கு வரும்போது பூனை வாடையே இருக்காது. "பரவால்லம்மா, கெட்டிக்காரிதான் நீ"னார். எனக்குத் தலைகால் புரியல.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் வேற எடத்துலயும் காட்டிட்டு இருந்தேன்.

பாப்பாவோட காலைப் பத்தித் தரகர்கிட்ட உள்ளதைச் சொன்னப்ப ஒருத்தரும் பொண்ணு பாக்கவே வரல. அப்ப நான்தான் யோசனை சொன்னேன். காலைப் பத்தி முன்கூட்டியே எதுக்குச் சொல்லணும்? அவங்க வர்றதுக்கு முன்னாடியே பாப்பாவைக் கூடத்துல பாய் போட்டு உக்கார வச்சிடலாம். பட்டுப் பொடவைக் கொசுவத்தை நல்லா விரிச்சு விட்டா காலு தெரியாது. காபியை நான் குடுக்கறேன். உக்காந்த எடத்துலயே கையெடுத்துக் கும்பிடட்டும். மூஞ்சியையும் தையலையும் பாத்துப் புடிச்சுப் போச்சுன்னா, அப்புறமா நிதானமா சொல்லிக்கலாம். மாமனாருக்கு மனசே வரல. நான் வாயடிச்சு வாயடிச்சு சம்மதிக்க வச்சேன். பாப்பாகிட்ட நான் கேக்கவே இல்ல. ரெண்டு எடத்துல இருந்து வந்தாங்க. "கடுதாசி போடறோம்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு கடுதாசியும் வரல. நான் அவங்க பரம்பரையையே திட்டித் தீத்தேன்.

மூணாவதா கீழ்பென்னாத்தூர்ல இருந்து வந்தாங்க. பையன் அங்க பள்ளிக்கூட வாத்தியார். அவனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்தாங்க. பஸ் எப்ப வரும்னு தெரியாததால பாப்பாவை மத்தியானத்துல இருந்தே பாயில உக்கார வச்சிட்டேன். குட்டி தையல் ரூம்ல துணிக் குவியல் மேல தூங்கிட்டு இருந்துச்சு. நானும் அதைக் கண்டுக்கல.

என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து இன்னும் வரல. வந்தவங்க காபி குடிச்சாங்க. பையன் பாப்பாவை ரெண்டு தரம் நிமிந்து பாத்தான். ஆனா அந்த அம்மா மூஞ்சி மட்டும் வர வர இறுகிப் போச்சு. கொஞ்ச நேரத்துல எழுந்துட்டாங்க. "போயிட்டு வர்றோம், கடுதாசி போடறோம்"னாங்க. மூணு பேரும் வாசப்படிக்குப் போயிட்டாங்க. அவங்களை பஸ் ஏத்தி விட்டுட்டு அப்படியே கடைக்குப் போகலாம்னு மாமனார் ஆணியில இருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

கலகல.

நான் கொல்லையில இல்ல, காபி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டுக் கூடத்துல நிக்கறேன். என்ன நடக்கப் போகுதுனு எனக்குத் தோணவே இல்ல. பாப்பாவுக்குத்தான் தோணுச்சு. "ஐயோ குட்டி!"னு பாயை விட்டு எழுந்தா, ஓடினா. பட்டுப் பொடவையோட, சாஞ்சு சாஞ்சு, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு ஓடினா. அதுக்குள்ள குட்டி ரூம்ல இருந்து பாஞ்சு, அந்த மூணு பேரோட கால் விரலை உரசாத கொறையா குறுக்கால பறந்து சந்துக்குள்ள போயிடுச்சு. பாப்பா சந்துக் கதவைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னா. எல்லார் கண்ணும் அவ கால் மேல. மாமனார் சாவிக்கொத்தைக் கீழ போட்டுட்டார்.

தாய்மாமன்தான் முதல்ல பேசினார். "சகுனம் சரியில்ல. உள்ள வந்து உக்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பலாம்"னார். மூணு பேரும் திரும்பி வந்து பெஞ்சில உக்காந்தாங்க. பாப்பாவும் போக எடமில்லாம பழையபடி பாயில உக்காந்துட்டா. கொல்லையில குட்டி வெறும் கொட்டாங்கச்சி முன்னால நின்னு ஊரைக் கூட்டிட்டு இருந்துச்சு.

அந்த அம்மா நான் நீட்டின சொம்பை வாங்காம கேட்டாங்க. "பெரியவங்க வந்திருக்கோம், எழுந்திரிக்கக்கூட இல்லியே, என்னா திமிரு இந்தப் பொண்ணுக்குனு நெனச்சேன். இந்த எடம் வேணாம்னு என் தம்பி காதுல சொல்லிட்டுத்தான் எழுந்தேன். இதுதான் விஷயம்னு ஏன் சொல்லல? யாரோட யோசனை இது?"

"என் யோசனைதாங்க"னு மாமனார் சட்டுனு சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பெத்த பொண்ணுக்கு நான் பண்ணி வச்ச காரியத்தைத் தன் தலையில போட்டுக்கிட்டார். அதுக்கு மேல என்னால சும்மா நிக்க முடியல. "இல்லீங்க, அவருக்கு இஷ்டமே இல்ல. நான்தான் உக்கார வச்சேன்"னு சொல்லிட்டேன். முன்னாடி வந்துட்டுப் போன ரெண்டு குடும்பமும் திமிர்னுதான் நெனச்சிருப்பாங்களோனு அப்பதான் ஒறைச்சுது.

அந்த அம்மா என்னைத் திட்டுவாங்கனு காத்திருந்தேன். அவங்க பாப்பா பக்கம் திரும்பி, "வலிக்குமா கண்ணு?"னு கேட்டாங்க.

"நடந்தா வலிக்காதுங்க"னா பாப்பா. "ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காந்திருந்தாதான். மரத்துப் போய் உயிர் போற மாதிரி வலிக்கும்."

நாலு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். ஒரு நாள்கூட நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்ல.

"அப்ப ஏம்மா கீழ உக்காந்திருக்க? எழுந்து வா, இங்க என் பக்கத்துல உக்காரு"னாங்க அந்த அம்மா. பாப்பா எழுந்து, எல்லாரும் பாக்கப் பாக்க, நாலு எட்டு வச்சு நடந்து போய் பெஞ்சில உக்காந்தா. வாத்தியார் நகந்து எடம் விட்டான். விட்டுட்டு, "பூனை ஏன் அப்படிக் கத்துது?"னு அவகிட்ட கேட்டான். அவ சாவி விஷயத்தைச் சொன்னா. தாய்மாமன் சிரிச்ச சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். தண்ணி குடிக்க உக்காந்தவங்க அன்னிக்குக் கடைசி பஸ்ஸுக்குத்தான் கெளம்பினாங்க.

தை மாசம் கல்யாணம். குட்டியும் பாப்பாவோட கீழ்பென்னாத்தூருக்குப் போயிடுச்சு. மாமனார் அதுக்கப்புறமும் சகுனம் பாத்துக்கிட்டுதான் இருந்தார், அதை யாராலும் மாத்த முடியல. ஆனா அன்னிக்கு என்னைக் காப்பாத்தணும்னு அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை நெனச்சா இப்பவும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

அன்னிக்கு வந்தவங்க பஸ்ஸுக்குப் போனதும் பாப்பா நேரா கொல்லைக்குப் போய்க் குட்டிக்குத் தயிர்சாதம் போட்டுட்டு வந்து படியில உக்காந்தா. நான் நல்லெண்ணெயை வெதுவெதுனு காய்ச்சி எடுத்துட்டுப் போய் அவளுக்குக் கீழ்ப்படியில உக்காந்து, அந்த இடது காலை எடுத்து என் மடியில வச்சேன். "ஐயோ அண்ணி, என்ன பண்றீங்க, விடுங்க"னு இழுத்துக்கிட்டா. நான் விடல. முழங்கால்ல இருந்து பாதம் வரைக்கும் மெதுவா தேச்சு விட்டேன். அந்தக் காலை நான் தொட்டது அதுதான் முதல் தரம்.