பச்சை கேட்கும் பொத்தான்

பிள்ளைகளே, அந்த ஓட்டுநரின் பெயர் எனக்குத் தெரியாது. நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு. மாமல்லபுரத்திலிருந்து அவர் ஓட்டிய பேருந்தில்தான் உங்கள் அம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டரைப் பார்க்கச் சீட்டு கொடுக்கும் ஜன்னலை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கினார்.

"இன்னா அண்ணாத்த அது?" என்று கேட்டேன்.

"இத்த அமுக்குனா பஸ்ஸுக்குப் பச்சை வுழணும். வண்டியில மாட்டிட்டானுங்க. சிக்னல்ல மாட்ட இன்னும் பணம் வரலையாம்."

"அப்போ இன்னாத்துக்கு அமுக்குறீங்க?"

"சிக்னல்ல மாட்டிட்டா என்கிட்ட எவன் வந்து சொல்லப்போறான், நைனா?"

விளக்கு தன் நேரத்துக்குத்தான் மாறியது. நாங்கள் போனபோது ஜன்னல் மூடியிருந்தது.

மறுநாளும் அதே பேருந்தில் போனோம். அவர் பொத்தானை அமுக்கினார். உங்கள் அம்மாவும் நானும் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.