மாவாகிப் போன அரிசி

எனக்கு எண்பத்தைந்து வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இன்று பக்கத்து வீட்டில் நெல் அவித்த மணம் வந்ததும், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த நெல்குத்துப் புரை, நாங்கள் நெல் குத்திய கொட்டகை, ஞாபகம் வந்துவிட்டது. இப்போது அங்கே இரும்புக்கடை.

உமித்தூசி எங்கள் தலையிலும் கஞ்சியிலும் கிடக்கும். அம்மையும் மற்றப் பெண்களும் உலக்கை மாற்றிப் போடும் சத்தத்திலேயே நான் தூங்கி விழித்து வளர்ந்தேன். எங்கள் சாதி கோயில் தெருவில் நடக்கக் கூடாது என்றிருந்த காலம் அது. நடந்தே தீருவதென்று அப்பாவும் பெரியப்பாவும் மற்ற ஆண்களும் பின்னறையில் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு வெளியே கேட்காதிருக்க, அவர்கள் கலையும்வரை பெண்கள் குத்திக்கொண்டே இருப்பார்கள்.

ஒருநாள் போலீஸ் வந்தது. ஒருவன் உரலுக்குள் கையை விட்டான். நெல் எப்போதோ அரிசியாகி, அரிசியும் மாவாகியிருந்தது.

"ஆருக்காக்கும் இந்த மாவு? உள்ள ஆரு?"

"பிள்ளைக்குக் கொழுக்கட்டை வேணுமாம் ஏமானே," என்று அம்மை இன்னும் ஓங்கிக் குத்தினாள். அதற்குள் ஆண்கள் பின்வழியே தப்பிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் அம்மையின் வலக்கையை உரல் விளிம்பில் வைத்து அடித்து நொறுக்கினார்கள்.

பிறகு கோயில் தெரு எங்களுக்கும் திறந்தது. ஆண்களுக்கு மாலை போட்டார்கள். பெரியப்பா அம்மையிடம் வந்தார்.

"செல்லம்மை, பாயசத்துக்குப் பச்சரிசி குத்தித் தா."

"கை மடங்காது."

"இடக்கை இருக்குல்லா?" என்று சிரித்தார்.

அம்மை குத்தினாள். அந்த ஒற்றை உலக்கைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதைக் கையில் எடுக்கிற மக்ளே, சத்தமாக வாசி. அம்மை பேரு வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசி.