யூதாஸை வழிமறித்த கூட்டம்

முட்டத்து ஜனங்கள் என்னை அடித்துக் கடலில் போடத்தான் வழிமறித்து நிற்கிறார்கள் என்று முழுமனதாக நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வேர்வைதான் வந்தது.

சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். தவக்காலம். ஊர் ஊராகப் போய் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிற குழுவில் எனக்கு யூதாஸ் வேஷம். தொந்தி விழுந்தவனுக்கு வேறு எதைக் கொடுப்பார்கள்? முட்டத்தில் கோயில் முற்றத்து மணலில் மேடை. கடைசி நாள், காட்டிக்கொடுக்கும் முத்தத்தைக் கொடுத்துவிட்டு ஜனங்களைப் பார்த்துக் கண்ணடித்தேன். அது நாடகத்தில் இல்லாதது, என் சொந்தச் சரக்கு. முன்னால் இருந்த மீன்காரி ஒருத்தி எழுந்து என் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். அடுத்து மணல் பறந்து வந்தது. நடிகனுக்கு அதுதான் பெருமை என்றார், நாடகத்தை நடத்துகிற எங்கள் அண்ணாவி. அவர் மேல் ஒரு பொடி மணல்கூட விழவில்லை.

மறுநாள் காலை குளச்சலுக்குப் புறப்பட வேண்டும். அன்று சாயங்காலம் அங்கே நாடகம். மதில் ஓரமாக எட்டிப் பார்த்தால், சாமான் ஏற்றிய மாட்டுவண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். முன்னால் அதே மீன்காரி.

"அண்ணாவி, அந்த யூதாசு எங்க வே? அவரு போறதுக்கு முன்ன எங்களுக்கு ஆளு வேணும்."

கொடியில் மகதலேனா மரியாள் வேஷத்துச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, இடுப்பை ஒடித்து, கலங்கரை விளக்கப் பக்கமாக நடந்தேன்.

"ஏட்டி, அது யாருட்டி, மீசையோட?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

ஓடினேன். சேலை காலில் சுற்றி மணலில் விழுந்தேன். கூட்டம் சூழ்ந்துகொண்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கும் பிள்ளைங்க உண்டும்மா. எல்லாத்துக்கும் காரணம் அந்த அண்ணாவிதான்" என்று அவரையும் காட்டிக்கொடுத்தேன்.

மீன்காரி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பயப்படாதயும் அண்ணே. நேத்து ஒம்மள வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். இன்னைக்கு பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்டச் சொன்னேன். மொதல்ல அந்த மனுசன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வான்னுட்டாரு. நீரு இப்பம் போயிட்டா, நாங்க ஈஸ்டர் பூசையில நன்மை அப்பம் வாங்கண்டாமா?"

அவளுக்குப் பின்னால் ஒருவர் தலையைச் சொறிந்தார். "நான் மணலுதான் எறிஞ்சேன். அதுல ஒரு கல்லும் கெடந்துது. அதையும் சேத்து மன்னியும்."

சேலையைக்கூடக் கழற்றாமல், மணலில் உட்கார்ந்தபடி ஒவ்வொருவராக மன்னித்தேன். கண்ணடித்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். "அது கொள்ளாம், நல்லாத்தான் இருந்துது. அத விட்டிராதயும்" என்றாள் அவள்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் விடைபெற்றிருக்கிறேன். மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். மன்னிப்புக் கேட்காமல் உன்னைப் போக விடமாட்டோம் என்று நின்றவர்கள் அவர்கள் மட்டும்தான். இன்றும் யூதாஸ் வேஷத்தை யார் கேட்டாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அதற்குக் காரணம் அந்தக் காலைதான். கடைசி ஆள்வரை மன்னித்து முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. மணலில் புதைந்திருந்த வண்டிச் சக்கரத்தை என்னை ஏசியவர்களே தள்ளிவிட்டார்கள். நாங்கள் குளச்சலுக்குப் புறப்பட்டோம்.