குத்துவிளக்கு இருந்த லேயர்

எங்கள் கடையில் பேனர் டிசைன் செய்துகொண்டிருந்த பெண் கார்த்திகையில் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போய்விட்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ, ஜெராக்ஸ், பேனர் டிசைன் என்று நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிற கடை அது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார். நான் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டுவேன். புது ஆள் கிடைக்கிறவரை அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் நான் உட்காருவதாக முடிவானது. முடிவு செய்தது நான்தான். "உனக்கு இதெல்லாம் வராது" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் சொன்னார்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடை காற்றாடும். கற்றுக்கொள்ள நல்ல மாதம். கற்றுக்கொள்வதற்குக் கையிலேயே ஒரு வேலையும் இருந்தது. எங்கள் மகளுக்கு ஐந்து வயது. தை மாதம் அகரம் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நாள் குறித்திருந்தோம். அந்தப் பேனரை நானே செய்வேன் என்றேன்.

காது குத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அங்கேதான் எங்களுக்குச் சிக்கல். பிள்ளைக்குத் தாய்மாமன் என்று இருப்பது என் அண்ணன் ஒருத்தர்தான். சாணார்பட்டிப் பக்கம் விவசாயம். மூன்று வருஷமாக அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை, நாங்களும் அங்கே போகவில்லை.

காரணம் ஒரு பேனர். அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பேனர் எங்கள் கடையில்தான் செய்தது. டிசைன் பெண் வேலைக்குச் சேராத சமயம், என் வீட்டுக்காரரே செய்தார். எங்கள் ஊர்ப் பேனரில் செத்துப்போனவர்களை மேல்வரிசையில் வைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரிய விடுவோம். அன்றைக்கு அண்ணனுடைய மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பேனர் முன்னால் போய் நின்றார். மேல்வரிசையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணி ஓவென்று அழுதாள். அண்ணன் பேனரை அறுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. என் வீட்டுக்காரர், "போட்டோ அனுப்புறப்பவே ஆளு உசுரோட இருக்காருன்னு சொல்லியிருக்கணும்ல மச்சான்?" என்றார். அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு வந்து, "நான் ஒழுங்காத்தான் செஞ்சேன், சிஸ்டம் மாத்திருச்சு" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள்.

சரி, லேயருக்கு வருகிறேன். செல்போனில் வீடியோ பார்த்துத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு படமும் ஒரு கண்ணாடித்தாளில் ஒட்டினதுபோல, தாளின்மேல் தாளாக அடுக்க வேண்டும், அந்தத் தாளுக்குப் பெயர்தான் லேயர் என்று அதில் சொன்னார்கள். அடுக்குகிற பட்டியல் கம்ப்யூட்டரில் வலது ஓரத்தில் தெரியும். பட்டியல் என்றதும் எனக்குப் பத்திரிகைதான் ஞாபகம் வந்தது. பத்திரிகையில் எப்படிப் போடுவோம்? முதலில் சாமி. அப்புறம் காலமான என் மாமனார். அப்புறம் பெரியவர்கள், அவர்களுக்குக் கீழே நாங்கள், கடைசியில் பிள்ளை. மரியாதை குறையாமல் அப்படியே வரிசையாக வைத்தேன். அரை நாள் வேலை.

முடித்துவிட்டுப் பார்த்தால் திரை முழுக்கக் கருப்பசாமி. அரிவாளும் மீசையுமாக அவர் மட்டும்தான் நிற்கிறார். ஒரு சொந்தக்காரரைக் காணோம்.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பட்டியல்ல மேல இருக்குறதுதான் முன்னாடி வரும். சாமி எல்லாத்தையும் மறைச்சுட்டு நிக்குறாரு பாரு. அவரைத் தூக்கி அடியில போடு."

"சாமியைப் போயி அடியிலயா?"

"அடியில இருந்தாத்தான் எல்லாருக்கும் பின்னாடி நிப்பாரு."

கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியைப் பட்டியலின் அடிக்கு இழுத்தேன். மாமனாரை அதற்கு மேலே வைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை எல்லாருக்கும் மேலே போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம்தான் பேனர் பேனராகத் தெரிந்தது. இருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன்.

தப்புகள் அதோடு நிற்கவில்லை. எந்த லேயர் தேர்வாகி இருக்கிறது என்று பார்க்காமலே அழிப்பானை ஓட்டுவேன். மகளுடைய போட்டோவில் பின்னால் நிற்கும் சுவரை அழிக்கிறேன் என்று நினைத்து என் தலையையே பாதி அழித்திருக்கிறேன். ஆனால் பத்து நாளில் கை பழகிவிட்டது. அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போனது. காலையில் கடையைத் திறந்து, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடியிழை முடியிழையாக ஒரு முகத்தை வெட்டி எடுத்துத் தனித் தாளில் வைக்கிற சுகம் ஜெராக்ஸ் மெஷினில் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் வீட்டுக்காரரைக் கேட்காமலே அண்ணனைப் பேனருக்குள் கொண்டுவந்தேன். என்னிடம் அவருடைய பழைய போட்டோ ஒன்றுதான் இருந்தது. தோட்டத்துக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு ஆட்டுக்குட்டியை அணைத்துப் பிடித்திருப்பார். ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டு மகளை வைக்க வேண்டும். மகளை அண்ணனுக்கு மேல் லேயரில் வைத்தால் அவர் கை மறைந்துபோனது. கீழே வைத்தால் மகள் மறைந்துபோனாள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அண்ணனுடைய வலது கையை மட்டும் வெட்டித் தனி லேயராக மேலே வைத்தேன். அண்ணன் அடியில், பிள்ளை நடுவில், அண்ணன் கை பிள்ளைக்கு மேலே. பிள்ளையின் கை அவர் சட்டைப்பையைப் பிடித்திருப்பதுபோல அமைந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது யாரும்மா?" என்றாள் மகள். அண்ணன் வந்துபோய் இருந்தபோது அவளுக்கு இரண்டு வயது.

"உங்க மாமாடி."

"என்னைய எதுக்குப் புடிச்சிருக்காரு?"

"காது குத்துறப்ப வலிக்காம இருக்க."

அதற்கப்புறம் தினமும் "மாமாவைக் காட்டு" என்பாள். காட்டுவேன்.

வீட்டுக்காரர் பார்த்தார். சிரிக்கவில்லை. "வராத ஆளு படத்தைப் போட்டு, கோயில்ல நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவ? எடுத்துரு" என்றார். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி உண்டு. அதைத் தட்டினால் அந்தப் படம் திரையில் மறைந்துபோகும், அழியாது. அண்ணனையும் அவர் கையையும் மறைத்து வைத்தேன். பிள்ளை மட்டும் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். "எடுத்துட்டேன்" என்றேன். மனசுக்குள் வீட்டுக்காரர்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அண்ணன் வராவிட்டால் என் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது? என் பிறந்த வீட்டுப் பங்காளிகளில் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்தால் ஊர் என்னைப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டும்.

மாமனார் படத்துக்கு விளக்கு வைக்க வேண்டியிருந்தது. பழைய பேனர் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தேடும்போது அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு ஃபைல் கண்ணில் பட்டது. திறந்தேன். அது புதிதாகச் செய்ததே இல்லை. வேறு ஏதோ வீட்டுக்குச் செய்த பேனரில் முகங்களை மட்டும் மாற்றியிருக்கிறது. யாரோ ஒரு காலமான பெரியவர் இருந்த இடத்தில் அண்ணன் மாமனாரை வைத்தவர், விளக்கை எடுக்க மறந்துவிட்டார். விளக்கு தனியாக, பட்டியலின் உச்சியில், ஒரு லேயராக இருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். விளக்கு லேயரின் குறியைத் தட்டினேன். விளக்கு போனது. மறுபடி தட்டினேன். விளக்கு வந்தது.

"சிஸ்டம் மாத்திருச்சுன்னீகளே, இதுதானா? ஒரு தட்டு. அம்புட்டுதான். இதுக்காகவா மூணு வருஷம் எங்கண்ணன் மூஞ்சியைப் பாக்காம இருந்தேன்?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கு ஒரே நாள்ல மூணு பேனரு" என்று மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் "செத்த வெளிய போயிட்டு வாரேன்" என்று வண்டியை எடுத்தவர் மத்தியானம்தான் வந்தார். வண்டியின் முன்னால் ஒரு சாக்கு. அவிழ்த்துப் பார்த்தால் மொச்சைக்காயும் பரங்கிக்காயும்.

"எங்க வாங்குனீக?"

"வாங்கல. உங்கண்ணன் கட்டிவிட்டாரு. பொங்கச் சீரு அவரே கொண்டாந்து தருவாராம். இது கொழம்பு வெஞ்சனத்துக்காம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் தப்புதான்னு சொல்லிட்டேன். அந்த லேயர் என்னன்னு அவருக்குப் புரியல, ஆனா சொல்லிட்டேன். நாளைக்கு நாம ரெண்டு பேரும் வெத்தலைபாக்கு வச்சு முறையா அழைக்கப் போகணும்" என்றார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, "நீ எடுத்திருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டா" என்றார். எனக்குக் கட்டியவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் மொச்சையை உரிக்க உட்கார்ந்தேன்.

கோயிலில் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே பேனர் கட்டியிருந்தோம். அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கூட அவர் மாமனாரும். அந்த மனுஷர் யாரையும் பார்க்காமல் நேராகப் பேனர் முன்னால் போய் நின்றார். அவர் முதலில் மேல்வரிசையைப் பார்த்தார். அங்கே என் மாமனாரும் அவர் விளக்கும் மட்டும். அப்புறம் கீழ்வரிசையில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போய்த் தன்னைக் கண்டுபிடித்தார்.

"மாப்ள, இந்தத் தடவை என்னைய உசுரோட விட்டுட்டீக!" என்று என் வீட்டுக்காரர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கூட்டமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசியதும் மகள் ஆசாரியின் ஊசியைப் பார்த்துவிட்டாள். என்னிடம் வரவில்லை, அவள் அப்பாவிடமும் போகவில்லை. வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அண்ணன் மணையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளைக்குத் தன்னை யாரென்று தெரியாது என்று நினைத்திருப்பார்.

அவள் அவரைப் பார்த்தாள். அண்ணாந்து பேனரைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு நடந்து வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை அவளே தூக்கித் தன்மேல் போட்டுக்கொண்டு, அவர் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, முடி மட்டும் இல்ல. மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

சரியாக இருக்கிறது என்றேன். ஆசாரி இன்னும் ஊசியைக் கையில்கூட எடுக்கவில்லை, எங்கண்ணன் அழுதுகொண்டிருந்தார்.