காலஞ்சென்ற ரெஜியின் சம்சாரம்

மற்ற ஊர்களில் விதவை என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுண்டிப்போகும். பிரான்சில் எங்கள் ஷாம்பேன் பக்கத்தில் அதைப் பொன்னெழுத்தில் அச்சடித்து மது பாட்டிலில் ஒட்டுகிறோம். ஒட்டுகிற மெஷினில் நிற்பவள் நான். 'விதவை லம்பினே' என்ற பெயர் பகலெல்லாம் என் கண்முன் ஓடுகிறது. போதாதென்று கனவிலும் ஓடுகிறது. புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர, திராட்சைத் தோட்டத்தையும் நிலவறையையும் ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்த அதெலாயித் லம்பினே அம்மாள்தான் அந்த விதவை. அவள் மண்ணுக்குள் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் பஸ்ஸில் வந்து இறங்குகிற விருந்தாளிகள் முதலில் கேட்பது, அந்த அம்மாவைப் பார்க்க முடியுமா என்றுதான்.

கேட்டுக் கேட்டு முதலாளி லம்பினேவுக்கு ஒரு யோசனை வந்தது. ரேன்ஸ் நகரத்திலிருந்து ஒரு நாடகக்காரியைப் பிடித்து, பழைய மோஸ்தரில் கறுப்பு கவுன் தைத்துக் கொடுத்து, அவளே விதவை மாதிரி பேசிக்கொண்டு விருந்தாளிகளை நிலவறையைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்தப் புண்ணியவதி முதல் நாளே பாதிப் படியில் இருட்டைப் பார்த்துவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். வாசலில் பஸ் வந்து நிற்கிறது. கவுன் யாருக்குப் பொருந்தும் என்று ஒரே களேபரம். நான் போட்டுப் பார்த்தேன். முதுகில் பொத்தான் சேரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

கடைசியில் அது கிலேனுக்குத்தான் பொருந்தியது. கிலேன் எங்கள் பாக்கிங் அறையில் அட்டைப்பெட்டி மடிக்கிறவள். பேச்சே வராத பிறவி. பேக்கரி வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட நகர்ந்து இடம் கொடுப்பாள். சந்தோஷமோ கோபமோ, என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ம்." இவளைக் கொண்டுபோய் விதவையாக்கினால் விருந்தாளிகள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்று நான் நினைத்தேன்.

கறுப்பு கவுன் ஏறியதும் என்ன மாயமோ தெரியவில்லை. மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என் கணவர் மறைந்த அந்தக் குளிர்காலத்தில்..." என்று ஆரம்பித்தாள் பாருங்கள், எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கே வைத்திருந்தாள் இந்தக் குரலை? முன் வரிசையில் ஒரு டச்சுக்காரி விசும்பினாள். நானும் கைக்குட்டையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து மேலே முற்றத்தில் ஒரு டிராக்டர், வழியில் நின்ற காரை நகர்த்தச் சொல்லி ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தது கிலேனின் புருஷன் ரெஜி. அவனுக்கும் எங்கள் கம்பெனித் தோட்டத்தில்தான் வேலை.

அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். காலஞ்சென்றவர். "காலஞ்சென்றவரே, கொஞ்சம் சீஸ் இந்தப் பக்கம் தள்ளும்" என்போம் சாப்பாட்டு நேரத்தில். சீட்டாட்டத்தில் அவன் ஜெயித்தால் போதும், செத்தும் கெடுக்கிறான் பாவி என்று கத்துவோம். ரெஜியும் சளைத்தவன் இல்லை. கல்லறைக்குப் பூ வைக்கக் காசு தாருங்கள் என்று எங்களிடமே வாங்கி பிஸ்கட் தின்பான். நாளாக ஆக, கேலி என்பதே மறந்து, அதுவே அவன் பெயராகிவிட்டது.

போன பிப்ரவரியில் கொடி கழித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ரெஜி மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரேன்ஸ் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஏதோ வைத்து ஆளைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவன் பழைய ரெஜி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நான் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் சொன்னான்.

"ஊரே காலஞ்சென்றவன்னு கூப்பிட்டப்ப சிரிச்சேன். கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த மெஷின் பீப் பீப்புனு கத்துறதக் கேட்டப்ப சிரிப்பு வரல கிலேன். இந்நேரம் நீ கீழ நின்னு என் புருஷன் போயிட்டாருன்னு சொல்லிக்கிட்டிருப்பேன்னு தோணிச்சு. வாய்வார்த்தை பலிச்சிடுமோன்னு பயமா இருந்துச்சு. அந்த கவுன வேணாம்னு சொல்லிடு."

"ம்" என்றாள் கிலேன்.

மறுநாள் பாக்கிங் அறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அந்த உடுப்பில் இருக்கும்போது மட்டும்தான் தனக்குப் பேச்சு வருகிறது, அதைக் கழற்றினால் மறுபடி 'ம்'தான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிழைத்து வந்தவனைத் திட்ட முடியுமா? ஐம்பது வயதுக்கு மேல் வாய் திறந்த ஒருத்தியை, போதும், மூடு என்று சொல்ல முடியுமா? கடைசியில் அவளே முதலாளியிடம் போய், அறுவடை முடிகிற சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். விதவை இரண்டாம் முறை செத்ததுபோல உட்கார்ந்துவிட்டார் லம்பினே.

இதற்கிடையில் ஒரு பெல்ஜியக்காரர் வர ஆரம்பித்திருந்தார். டெக்கர்ஸ் என்று பெயர், கென்ட் நகரத்தில் பூக்கடை, மனைவியை இழந்தவர். கோடையில் ஒரு தரம் வந்தார். அடுத்த மாதம் மறுபடி வந்தார், தலைக்கு எண்ணெயெல்லாம் தடவிக்கொண்டு. போகும்போது வாயிற்காவலரிடம், சுற்றிக்காட்டிய அம்மாள் யார் என்று விசாரித்திருக்கிறார். வாயிற்காவலர் கள்ளம் கபடம் இல்லாமல், "அவங்களா? காலஞ்சென்ற ரெஜியோட சம்சாரம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். நாக்கு அப்படிப் பழகிவிட்டது, அந்த மனுஷனைச் சொல்லி என்ன பயன்?

அந்தக் கடைசி சனிக்கிழமை டெக்கர்ஸ் முதல் ஆளாக வந்து நின்றார். கையில் பூங்கொத்து. அன்றைக்கென்று பார்த்து, விருந்தாளிகள் முன்னால் கையாலேயே பாட்டில் திறந்து காட்டுகிற ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த வித்தை தெரிந்த இன்னொருவன் ரெஜி மட்டும்தான். நிலவறைப் பக்கமே வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்தவனை முதலாளி கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தார். தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பீப்பாயைப் பார்த்தபடி எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றான். பிஸ்கட் தட்டோடு நான் பக்கத்தில்.

அது லேசான வேலை இல்லை. பாட்டில் தலைகீழாக இருக்கும். வண்டலெல்லாம் மூடிப் பக்கம் இறங்கியிருக்கும். நிமிர்த்திக்கொண்டே மூடியைத் தட்ட வேண்டும். வண்டல் பீய்ச்சிக்கொண்டு பீப்பாய்க்குள் போகிற கணமே கட்டைவிரலால் அடைக்க வேண்டும். கண் சிமிட்டினால் போச்சு.

கிலேன் அன்று பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. கணவர் மறைந்த குளிர்காலம், பூட்டிக்கிடந்த நிலவறை, கடைசியில் முதல் பாட்டிலைத் திறந்த காலை. அவள் முடித்தாள். ரெஜி பாட்டிலைக் கையில் எடுத்தான். அப்போது டெக்கர்ஸ் முன்னால் வந்தார்.

"மேடம், நீங்களும் தனி, நானும் தனி. உங்க துக்கத்த மூணாவது தடவையா கேக்குறேன். இன்னொரு தடவை கேக்குற தெம்பு எனக்கில்ல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

கிலேனின் முகம் வெளுத்துவிட்டது. உதடு அசைந்தது. வந்தது பழைய ஒற்றை எழுத்துதான்.

"ம்."

நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. டெக்கர்ஸ் கண் கலங்கிவிட்டார். அதே நேரம் மூடி படாரென்று தெறித்தது. ரெஜியின் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வண்டலும் நுரையும் முதலாளியின் வெள்ளைச் சட்டையில் அபிஷேகமாக இறங்கின. பாட்டில் காலியாகும் வரை ரெஜி அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயோ, அது சம்மதம் இல்லீங்க" என்றாள் கிலேன். விதவையின் குரல் இல்லை அது. அவளுடையது, சற்றுக் கரகரப்பானது. "வாயடைச்சுப்போனா எனக்கு அப்படித்தான் வரும். என் புருஷன் உசிரோட இருக்கார். செத்துட்டாருன்னு இங்க தினமும் சொல்றேன், மேல போனதும் மொத வேலையா ஜன்னல்ல எட்டிப் பாப்பேன், சரிவுல டிராக்டர் ஓடுதான்னு. அதப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு வரும். அவர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் ஒரு நாள்கூட கீழ எறங்கலீங்க. அந்த வார்த்தை வாயில வரல."

உண்மைதான். அந்த நாட்களில் முதலாளியே மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, விதவையின் வம்சத்து வாரிசு என்று சொல்லிச் சமாளித்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரெஜிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தோம். சொல்ல வேண்டியவளோ 'ம்' என்று தலையாட்டிவிட்டு வந்து பெட்டிகளுக்கு நடுவே அழுதிருக்கிறாள். நான் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ரெஜி காலிப் பாட்டிலை வைத்தான். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி நேரே டெக்கர்ஸிடம் வந்து கையை நீட்டினான்.

"வணக்கங்க. காலஞ்சென்ற ரெஜி நான்தான்."

பாவம், டெக்கர்ஸ் காது வரை சிவந்து போனார். பூங்கொத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ரெஜியின் கையிலேயே திணித்துவிட்டார். அவன் அதைக் கிலேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "இத என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"ம்."

நிலவறையே அதிரக் கூட்டம் சிரித்தது. ரெஜியும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கவுன வச்சுக்கோ" என்றான். "உனக்கு அது நல்லாத்தான் இருக்கு."

இடுப்பு சரியானதும் பழைய ஆள் வேலைக்குத் திரும்பினார். ஆனால் விருந்தாளிகள் முன்னால் பாட்டில் திறக்கிற வேலையை ரெஜி விட்டுக்கொடுப்பதாக இல்லை. டெக்கர்ஸ் இப்போதும் வருகிறார், பூவும் கொண்டுவருகிறார். சாயங்காலம் ரெஜியோடு உட்கார்ந்து சீட்டாடித் தோற்றுவிட்டுத்தான் ஊருக்குப் போகிறார். கிலேன் மெழுகுவத்தியைத் தூக்கி, "என் கணவர் மறைந்த அந்தக் குளிர்காலத்தில்..." என்று ஆரம்பிப்பாள். பீப்பாய்ப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் மேலே சொல்வாள்.