பன்னிரண்டு யூனிட்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் பார்த்த இடத்தில் இருட்டே இல்லை. சாயங்காலம், மணி 6.57, எரியவிட்டிருந்த விளக்கில் நல்ல வெளிச்சம். இது சத்தியமாக எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள். வீட்டில் என்னைத் தவிர இருக்கும் ஒரே உயிர், என் தங்கை வளர்த்த பூனை. குண்டு என்று கூப்பிடுவோம். குண்டுக்குச் சர்க்கரை வியாதி. சிரிக்காதீர்கள், பூனைக்கும் வரும். காலை ஏழு மணிக்கு இரண்டு யூனிட் இன்சுலின், மாலை ஏழு மணிக்கு இரண்டு யூனிட்.

தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே அதே வியாதி. இரண்டு வருஷத்துக்கு முன், நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்த அன்று, ஊசி போட்டுக்கொண்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். நான் இல்லை.

அவளுடைய இன்சுலின் பேனாவைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. அதன் பின்னால் ஒரு குமிழ் உண்டு. திருகினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு 'டக்'. உள்ளே எவ்வளவு மருந்து மீதியோ, அதற்கு மேல் திரும்பாது. அவள் போன பிறகு ஒரு நாள் திருகிப் பார்த்தேன். பன்னிரண்டில் நின்றது. குமிழைப் பழையபடி திருப்பிவிட்டு, பேனாவை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் நோட்டு வந்தது. குண்டுக்கு ஊசி போட்டதும் நேரம் எழுத வேண்டும். எழுதியிருந்தால் போடக் கூடாது. சந்தேகம் வந்தாலும் போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் குண்டு தாங்கும், இரண்டு தடவை போட்டால் தாங்காது.

வெளியூர் வேலை என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தேன். இந்தத் தடவை கம்பெனியில் பாச்சா பலிக்கவில்லை. மூன்று ராத்திரி. கீழ் வீட்டில் ரிட்டையரான நர்ஸம்மா இருக்கிறார். அவரிடம் சாவி, பிரிக்காத புது மருந்து பாட்டில், ஊசிகள், நோட்டு எல்லாவற்றையும் காட்டி, விதியை மூன்று முறை சொன்னேன். கட்டின பெண்டாட்டியைக்கூட யாரும் இப்படிப் பார்த்துக்கொள்வதில்லை என்று கிண்டல் செய்தார். சமையலறையில் ஒரு கேமராவும் மாட்டினேன்.

முதல் நாள் சாயங்காலம். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.55. குண்டு எழுந்தது. யாரும் கூப்பிடவில்லை. தானாக முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. தினமும் ஊசி போடும் இடம் அது.

6.57. ஒரு சத்தம்.

டக்... டக்...

குண்டின் பிடரித் தோல் மேலே எழும்பியது. இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினால் எழும்புமே... அப்படி.

விரல் இல்லை.

தோல் இறங்கியது. குண்டு கண்ணை மூடி, யார் கையிலோ உரசுவது போலக் காற்றில் தலையை உரசியது.

போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனேன்.

7.02. கதவு திறந்தது. நர்ஸம்மா. நோட்டைப் பிரித்தார், பார்த்தார், மூடினார். உடனே கூப்பிட்டேன்.

"யாரோ போட்டுட்டாங்க தம்பி. நோட்டுல 6.57னு எழுதியிருக்கு."

"கதவு பூட்டியிருந்துச்சா?"

"நான்தானே இப்ப தொறந்தேன்."

போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே யாராவது போட்டிருந்தால்? இன்னொரு தடவை அந்தத் தப்பு நடக்க நான் தயாரில்லை.

"போடாதீங்க."

ஒன்பது மணிக்குக் காதில் குத்திச் சர்க்கரை பார்த்தார். காலையில் நான் பார்த்தபோது 310. இப்போது 130.

அதற்குப் பிறகு நர்ஸம்மா ஒவ்வொரு வேளையும் வந்தார். ஒவ்வொரு வேளையும் நோட்டு எழுதியிருந்தது. ஒரு தடவைகூட அவர் ஊசி போடவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் 5.20க்கு வீடு திரும்பினேன். நோட்டில் புதிதாக ஆறு வரிகள். எல்லாம் 6.57. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. எங்கள் வீட்டில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.

மருந்து பாட்டிலை எடுத்தேன். மூடி பிரிக்கவில்லை.

அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. போகும்போது என்னோடு கொண்டுபோன சாவி. திறந்தேன்.

பேனா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

குமிழைத் திருகினேன்.

ஒரு 'டக்'கூட வரவில்லை.

ஆறு வேளை. வேளைக்கு இரண்டு யூனிட்.

நர்ஸம்மாவிடம் காட்டினேன். இரண்டு வருஷம் ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்த மருந்து, தண்ணீருக்குச் சமம், வேலையே செய்யாது என்றார். அப்புறம் அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லவா? இரண்டு வருஷத்தில் என் வீட்டில் ஆள் இருந்தது அந்த மூன்று நாள்தான். நான் திரும்பியதிலிருந்து 6.57க்கு ஒன்றும் நடப்பதில்லை. குண்டு மட்டும் முக்காலியில் ஏறி உட்கார்ந்து காத்திருக்கிறது. ஏழு மணிக்கு நான் போடும்போது திரும்பிப் பார்க்கிறது.

நேற்று ஒரு புதுப் பேனா வாங்கி அவள் அலமாரியில் வைத்தேன். முந்நூறு யூனிட். அடுத்த வாரம் மறுபடி வெளியூர் போகிறேன்.

அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.