மாதம்மா படுத்தால் பால்வாடி தூங்கும்

பால்வாடி வேலை என்பது ஊரிலுள்ள அழுகையையெல்லாம் ஒரே அறையில் போட்டு நடுவில் நம்மை உட்காரவைப்பது. அதைப் பார்த்த டீச்சரம்மாக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளில் காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எட்டாவது படிப்பை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்த்தேன். என் மூன்று பிள்ளைகளும் இன்று பெரியவர்களாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். துவாவில் கையேந்தும்போது அவர்களோடு நான்காவதாக ஒரு பெயரும் வரும். மாதம்மா. பால்வாடியில் எனக்கு ஆயாவாக இருந்தவள்.

ஒன்று ஒன்றாக

அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். சின்ன உடம்பு, சின்னக் கண். சேர்ந்த புதிதில், "தண்ணி புடிச்சு வெச்சுட்டு, தட்டக் கழுவிட்டு, பாய விரிச்சிரு" என்றேன். தண்ணீர் பிடித்தாள். பிறகு குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று சொன்னது இன்று இருக்காது. கிழமை தெரியாது.

ஊரில் நிலபுலம் உள்ள ஒருவருக்கு இது வசதியாகப் போயிற்று. பத்தாவது படித்த தன் அக்கா மகளுக்கு அந்த வேலையை வாங்க, "ஆயா லாயக்கில்ல, மத்தியானமானா புள்ளைங்களோட படுத்துத் தூங்கறா" என்று மேலே சொல்லிவைத்தார். இந்தச் சம்பளம் நின்றால் மாதம்மா வீட்டில் அடுப்பெரியாது. விஷயத்தை அவளிடம் மெல்லச் சொன்னேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க டீச்சரம்மா, எல்லாத்தயும் செஞ்சுப்புடறேன்."

டாக்டரம்மா கேட்டது

தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா மாதம்மாவின் முகத்தையே பார்த்தார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் இருக்கும் பள்ளம் அவளுக்கு இல்லை. மேலுதடு கோடு போலிருக்கும். "உங்கம்மா என்ன வேலை பாத்தாங்க?" என்று கேட்டார். கிணறு வெட்டும் கூட்டத்தில் மண் சுமந்தவள். உடம்பு வலிக்கு எல்லோரோடும் சேர்ந்து சாராயம் குடிப்பாள், மாதம்மா வயிற்றில் இருந்தபோதும். கெடுதல் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. மாதம்மா இதை மறைக்காமல் சொன்னாள்.

டாக்டரம்மா ஆங்கிலத்தில் ஏதோ பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது மட்டும் மறக்கவில்லை: "கருவுலயே மூளையில பட்ட அடியா இருக்கும்மா. சோம்பேறித்தனம் இல்ல. வாயால சொல்லாம கூடவே செஞ்சு காட்டுங்க, தெனமும் ஒரே வரிசையில."

சுடுதண்ணி

அப்படியே செய்தேன். தட்டும் பாயும் சரியாயின. ஒருநாள் மட்டும் குளிப்பாட்டிவிட்டு ஒரு பிள்ளையின் சட்டையை இன்னொன்றுக்கு மாட்டி அனுப்பிவிட்டாள். சட்டைக்காரப் பிள்ளையின் அம்மா தெருவே கேட்க, "அரைக்கிறுக்கு, உன்னயெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது" என்று ஏசிவிட்டுப் போனாள். மாதம்மா தலைகுனிந்து அழுதாள்.

மறுநாள் காலை அதே அம்மா வாசலில் தயங்கி நின்றாள். மாதம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நேத்து அந்தக் கத்து கத்துனீங்களே, தொண்ட வலிக்குதுங்களா? சுடுதண்ணி தரட்டுங்களா?" என்று கேட்டாள். குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஐந்து வேளை தொழுதும் எனக்கு வராத மனசு அது. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "திட்டுனவளுக்குச் சுடுதண்ணி குடுக்கறா. இவள நா என்னான்னு சொல்றது டீச்சரம்மா?"

மேற்பார்வை

சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதான் நம் தொழிலின் பெரிய சோதனை. ஒன்று சிணுங்கினால் போதும், அறையே கிளம்பிவிடும். மாதம்மா பேசாமல் போய் நடுவில் படுப்பாள். ஒன்று அவள் விரலைப் பிடிக்கும், ஒன்று முடியை, ஒன்று வயிற்றின் மேல் காலைப் போடும். அவள் தூங்கமாட்டாள். கண் திறந்தே இருக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள், கடைசிப் பிள்ளை விழிக்கும்வரை. அந்த அமைதியில்தான் மூலையில் நான் லுஹர், அதாவது மதியத் தொழுகை, தொழுவேன். அவள் படுத்திருந்த நிதானத்தில் பாதிகூட என் தொழுகையில் இருந்ததில்லை.

புகாரை விசாரிக்க, பால்வாடிகளைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வை அம்மா ஒருநாள் சரியாக அந்த நேரத்தில் வந்தார். "புகார் சரிதான் போல. எழுந்திரும்மா" என்றார். நான் மனசுக்குள் இறைவனைக் கூப்பிட்டேன். மாதம்மா சொன்னபடி எழுந்தாள். விரலைப் பிடித்திருந்தது முதலில் வீறிட்டது, பிறகு முடி, பிறகு கால், பிறகு அறை முழுக்க. என் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. மேற்பார்வை அம்மா ஒன்றைத் தூக்கினார். அது அவருடைய கஞ்சி போட்ட புடவையில் மூக்கைத் துடைத்தது. பாட்டுப் பாடிப் பார்த்தார், அழுகை கூடியது. மாதம்மா உத்தரவுக்காகக் காத்து நின்றாள்.

"நீங்க போய்ப் படுங்க, தயவுசெஞ்சு படுங்க" என்றார் மேற்பார்வை அம்மா.

படுத்தாள். ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. அறை அடங்கியது. மேற்பார்வை அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, என் காதோரம் சொன்னார்: "பத்தாவது படிச்ச பொண்ணுக்கு வேற எடம் பாக்கட்டும். இந்தம்மாவ மாத்தவேணாம்னு நான் சொல்லிக்கறேன்."

வருஷக்கணக்கில் ஓடியாடியும் நான் வாங்காத நல்ல பெயரை, அசையாமல் படுத்தே வாங்கிவிட்டாள் மாதம்மா.